தடைக்காலத்தில் பையன்களோடு பேசுவது எப்படி?

இயேசுவுக்குப் புகழ்! தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைப் பங்குக் கோயிலில் மறைக்கல்வி (பிள்ளைகளுக்கான வேதபாடம்) எடுக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான். வேலையில்லாத பையன்கள் ஏலக்கூடத்துக்குப் பின்னால் கஞ்சாவோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். எல்லாம் என்னிடம் புதுநன்மைக்கு (முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு) படித்த பிள்ளைகள்.

போன வாரம் பைபிளில் லூக்கா 15இல் வரும், சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வீடு திரும்பிய ஊதாரி மகன் கதையைச் சொன்னேன். ஒருவன் சிரித்துக்கொண்டே, "டீச்சர், அவனைத் தேடி அப்பா ஓடிவந்தார். எங்க அப்பா ஒயின்ஷாப் வாசல்ல கிடக்காரு" என்றான். எனக்குப் பதிலே வரவில்லை.

14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும் கொடுத்தேன். யாரும் கூப்பிட்ட மாதிரி தெரியவில்லை.

பிரசங்கம் பண்ணாமல் இவர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? கபடி, கேரம் என்று ஆரம்பித்தவர்கள் இருக்கிறீர்களா? எங்கே சறுக்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.