50 சிசி ரிமோட் விமானம் நடு வானில் பேச்சுக் கேட்காமல் விழுந்தது: சிக்னலா, பேட்டரியா?

கேட்டவர் (மன்னார்குடி):
வணக்கம். 50 சிசி பெட்ரோல் எஞ்சின், இறக்கை நீளம் 2.2 மீட்டர், பால்சா என்னும் லேசான மரமும் பிளைவுட்டும் சேர்த்துக் கட்டிய ரிமோட் விமானம். ஊர்த் திடலில் கிளப்பி, சம்பா அறுவடை முடிந்து தரிசாகக் கிடந்த வயல் மேல் பறக்கவிட்டேன். தாழ்வாக வேகமாக வந்து, நேரே மேலே இழுத்து, கூடவே பக்கவாட்டில் உருட்டும் ரோல் கொடுத்தேன். அந்த நொடியிலிருந்து ரிமோட் குச்சியை எப்படி அசைத்தும் பலனில்லை. அப்படியே கவிழ்ந்து வரப்பில் மூக்குக் குத்தியது. எஞ்சின் மவுண்ட்டோடு முன்பக்கம் முழுக்க நொறுங்கிவிட்டது. வால் மட்டும் தப்பியது. ஓடிப்போய்ப் பார்த்தால், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரில் விளக்கு எரிகிறது, சர்வோக்கள் (இறக்கை, வால் மடிப்புகளையும் எஞ்சின் வேகத்தையும் ஆட்டும் சிறு மோட்டார்கள்) அசைகின்றன, பேட்டரி 7.6 வோல்ட் காட்டுகிறது! பக்கத்தில் போகும் மின்கம்பிதான் சிக்னலைக் கெடுத்தது என்கிறார்கள். புதிதாக ஒன்று கட்டப் போகிறேன். காரணம் தெரியாமல் அதே ரிசீவரைப் போட மனசு வரவில்லை.

பதில் (கும்பகோணம்):
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. மின்கம்பியை விட்டுவிடுங்கள். அதில் ஓடுவது 50 ஹெர்ட்ஸ், நம் ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ். கம்பியில் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கட்டுப்பாடு போனதும் எஞ்சின் சத்தம் குறைந்ததா? ஃபெயில்சேஃப்பில் (சிக்னல் போனால் ரிசீவர் தானாகப் போடும் நிலை) த்ராட்டிலை, அதாவது எஞ்சின் வேகத்தை, எதில் வைத்திருந்தீர்கள்?

கேட்டவர்:
குறையவே இல்லை அண்ணா. தரையில் மோதும்வரை முழு த்ராட்டில்தான். ஃபெயில்சேஃப் ஐடிலில், அதாவது எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில், இருந்தது. அன்று காலையில்கூட புரொப்பெல்லரைக் கழற்றி வைத்து, ரிமோட்டை அணைத்துப் பார்த்தேன். த்ராட்டில் ஒழுங்காக இறங்கியது.

பதில் (கும்பகோணம்):
பாதி விடை அதிலேயே இருக்கிறது. சிக்னல் மட்டும் போயிருந்தால் ரிசீவர் உயிரோடு இருந்து த்ராட்டிலை ஐடிலுக்கு இறக்கியிருக்கும். ரிசீவருக்கே கரண்ட் போனால் இறக்க ஆள் இல்லை; சர்வோ நின்ற இடத்திலேயே நிற்கும். ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷனுக்குத் தனி பேட்டரி என்பதால் எஞ்சினும் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான்.

வேகத்தில் இழுத்துக்கொண்டே ரோல் கொடுக்கும்போது வாலில் உள்ள எலிவேட்டர், இறக்கையில் உள்ள ஏலரான் சர்வோ அத்தனையும் ஒரே நேரத்தில் பாரம் தாங்குகின்றன. பெரிய டிஜிட்டல் சர்வோ ஒன்றே முட்டி நின்றால் பல ஆம்பியர் இழுக்கும். வழியில் எங்காவது தொடர்பு மோசமாக இருந்தால் வோல்டேஜ் அங்கேயே விழுந்துவிடும். நிறைய ரிசீவர்கள் 3.5 வோல்ட் வாக்கில் கண்ணை மூடிவிடும். பாரம் விட்டதும் வோல்டேஜ் ஏறிவிடும். அதனால் கீழே விழுந்த பிறகு பார்க்கும் 7.6-ஐ நம்பாதீர்கள்.

ரிசீவரில் காலியாக உள்ள போர்ட்டில் மீட்டரை வையுங்கள். எல்லா சர்வோவையும் மேசை மேல் இணைத்து, இரண்டு பேர் சர்வோ கைகளை அசையவிடாமல் அழுத்திப் பிடிக்க, குச்சியை முழுதாக ஆட்டிப் பாருங்கள். அப்புறம் சுவிட்சைத் தாண்டி பேட்டரியை நேராக இணைத்து அதையே திரும்பச் செய்யுங்கள்.

பதில் (நாகப்பட்டினம்):
எங்கள் கடற்காற்றில் கனெக்டர் பின்களில் பச்சை பிடிக்கும். உங்கள் ஊரில் அவ்வளவு இருக்காது, ஆனாலும் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்பார்க் பிளக் தொப்பி உறையோடு இறுக்கமாக இருக்கிறதா, இக்னிஷன் பெட்டி ரிசீவரை விட்டுத் தள்ளி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஸ்பார்க் இரைச்சல்தான் உண்மையில் தொல்லை தருவது.

கேட்டவர்:
செய்து பார்த்தேன். சும்மா இருக்கும்போது 7.5. அழுத்திப் பிடித்தால் 3.2 வரை விழுந்து ரிசீவர் விளக்கு அணைந்தது! சுவிட்சைத் தாண்டி நேராக இணைத்தால் 6.9-க்குக் கீழே போகவில்லை. சுவிட்சைப் பிரித்தேன், உள்ளே தகடு ஒரு பக்கம் கருகியிருக்கிறது, ஒரு சால்டர் வெடித்து மயிரிழையில் நிற்கிறது. வெளியே பார்த்தால் புத்தம் புதுசு.

பதில் (கும்பகோணம்):
சரி, ரிசீவர் மேல் பழி இல்லை, ஆனால் அடிபட்டதால், எவ்வளவு தூரம் சிக்னல் வாங்குகிறது என்ற ரேஞ்ச் சோதனை செய்யாமல் போடாதீர்கள். புதியதில் இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச், இரண்டு தனி ஒயர் ரிசீவர் வரை போகட்டும். இந்த அளவு விமானத்துக்கு அந்த எடை ஒன்றுமே இல்லை. ஒரு வழி அறுந்தாலும் இன்னொன்று தரை இறக்கிவிடும். பறக்கும் நாளெல்லாம் ஒரு பேட்டரியை அணைத்து ஒன்றிலேயே எல்லாம் ஆடுகிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள்.

கேட்டவர்:
அப்படியே செய்கிறேன் அண்ணா. முதல் ஓட்டத்துக்கு நீங்களும் இருந்தால் நல்லது. தஞ்சாவூரில் வைத்துக்கொள்ளலாமா? உங்களுக்கும் பக்கம்.

பதில் (கும்பகோணம்):
தஞ்சாவூர் வேண்டாம், அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது. அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் சிவப்பு மண்டலம் (அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாத இடம்) எதுவரை என்று பாருங்கள். நானே மன்னார்குடிக்கு வந்துவிடுகிறேன். உளுந்து போட்ட வயல் பக்கம் மட்டும் போகாமல் பறக்கவிடுவோம்.