மேகத்தோட அடிமட்ட உயரக் கணக்கு இடிக்குதே?

கோத்தகிரிப் பையன்:
டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) வானிலைப் பேப்பருக்குப் படிக்கிறேன். மத்தியானம் கோவை மெட்டார்ல (ஏர்போர்ட் வானிலை அறிக்கை) 32/18, அதாவது வெப்பநிலை 32, பனிநிலை (காத்துல இருக்குற ஈரம் துளியாகுற வெப்பநிலை) 18. வித்தியாசம் 14, டிகிரிக்கு 400 அடின்னா மேகத்தோட அடிமட்டம் 5,600 அடி. எங்க ஊரே சுமார் 5,900 அடி. அப்போ மேகத்துக்குள்ள இருக்கணுமே? கொடநாடு ரோட்டுல சுள்ளுனு வெயில், மேகம் தலைக்கு மேல.

பழைய அப்சர்வர்:
தம்பி, அந்த 5,600 கோவை ரன்வேயில இருந்து. ரன்வேயே கடல்மட்டத்துக்கு 1,300 அடி மேல. கூட்டினா 6,900. தொட்டபெட்டா 8,650 அடி. உச்சி மூடியிருக்கும், பாருங்க. வெயில்ல பொங்கி எழும்புற மேகத்துக்குத்தான் இந்தக் கணக்கு. காலையில பள்ளத்துல தேங்குற மூடுபனிக்குப் போட்டா உளறும்.

கோத்தகிரிப் பையன்:
மெட்டார்ல போடுற மேக உயரமும் அப்படித்தானா அண்ணா?

பழைய அப்சர்வர்:
ஆமா, ஏர்போர்ட்ல இருந்துதான். சார்ட்ல (விமானிகளோட வரைபடம்) மலை உயரம் மட்டும் கடல்மட்டத்துல இருந்து.

குன்னூர் அக்கா:
ஒண்ணு சேர்த்துக்கோ. ஆடி மாசம் மேல்காத்து மலையைத் தாண்டி உங்க பக்கம் இறங்கும். லென்ஸ் மாதிரி மேகம் நகராம நின்னா காத்தில்லைன்னு நம்பிடாதே. அதுக்குக் கீழ ரோட்டர்ங்கிற காத்துச் சுழல் சுத்தலாம், சின்ன விமானத்தைப் புரட்டிடும்.