மறு: முடியிழந்த அரசர் – மீட்பா, மீட்சியா?

வணக்கம் ஐயா.

'பிரிடெண்டர்' (pretender) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'போலி அரசர்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அரசியலில் அந்தச் சொல்லுக்கு, தன் கையில் இல்லாத முடிக்கு உரிமை கோருபவர் என்றுதான் பொருள். நடிப்பவர் என்பது அங்கே பொருந்தாது. இயக்குநர், பயிற்றுநர் போல 'முடிகோருநர்' என்று வைத்துக்கொள்ளலாமே.

டென்மார்க்கின் இரண்டாம் கிறிஸ்டியானைப் பாருங்கள். 1513 முதல் டென்மார்க்கையும் நார்வேயையும் முறைப்படி ஆண்டவர். 1520இல் சுவீடனையும் வென்றார். ஸ்டாக்ஹோமில் முடிசூடிய கையோடு 80க்கும் மேற்பட்டவர்களைக் கொல்லவைத்தார். 1523இல் பிரபுக்கள் அவரைத் தள்ளிவிட்டு, சித்தப்பா பிரெடரிக்கை அரசராக்கினார்கள். கிறிஸ்டியானை நல்லவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போலி என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது 'ரெஸ்டோரேஷன்' (restoration), அதாவது இழந்த முடி மீண்டும் அரசரிடம் வருவது. அதற்கு 'மறுசீரமைப்பு' பொருந்தாது, அது நகராட்சிச் சாலைக்குத்தான் சரி. பகைவர் கவர்ந்த ஆநிரையைக் கரந்தைப் பூச் சூடிப் போய் மீட்ட மரபு நம்முடையது. அந்த 'மீட்டல்' கையில் இருக்க, வேறு எங்கே தேட வேண்டும்? இங்கே தமிழ் இரண்டு சொற்களைத் தருகிறது. மீட்பது மீட்பு, மீள்வது மீட்சி. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸை 1660இல் நாடாளுமன்றமே அழைத்துக்கொண்டது. அது முடிமீட்சி. கிறிஸ்டியான் செய்தது முடிமீட்பு. நெதர்லாந்தில் எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1531இல் படகுகளோடு கிளம்பி, புயலில் பாதி சிதறி, நார்வேயில் இறங்கினார். ஆகெர்ஷுஸ் கோட்டையை முற்றுகையிட்டும் அது விழவில்லை. பேச வாருங்கள், உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கொடுத்ததை நம்பி 1532இல் கோப்பன்ஹேகனுக்குக் கப்பலேறினார். போன இடத்தில் பிடித்து, சோண்டர்போர்க் கோட்டையில் அடைத்துவிட்டார்கள். வட்ட மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தே கட்டைவிரலால் அதன் விளிம்பில் பள்ளம் விழவைத்தார் என்று அங்கே ஒரு கதை உண்டு. கதைதான், ஆனாலும் மறக்க முடியவில்லை.

அவர் உள்ளே இருக்கும்போதே, 1534 முதல் 1536 வரை ஓல்டன்பர்க் பிரபு கிறிஸ்டோபர் அவர் பெயரில் போரிட்டார். அரசர் கையில் வாளே இல்லை என்றாலும் அதுவும் முடிமீட்பே. மீட்சி மட்டும் வரவில்லை. 27 ஆண்டுகள் சிறையிலேயே கழிந்து 1559இல் இறந்தார்.

செய்பவரை 'முடிமீட்பர்' என்பது வேண்டாம். கிறித்தவ வழக்கில் மீட்பர் என்றால் இயேசுதான், குழப்பம் வரும். 'முடிகோருநர்' போதும்.

அப்புறம், அவர் நம்பிப் போன அந்த எழுத்துறுதிக்கும் ஒரு சொல் வேண்டும். 'அபயச் சீட்டு' சரியாக இருக்குமா, சொல்லுங்கள்.