விகாரைக்குள் கண்ட விலக்கு: சில அனுபவப் பகிர்வுகள்

பேரணாம்பட்டிலிருந்து:

புத்தர் பிறந்த நாளான வைகாசிப் பௌர்ணமி பற்றி இங்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் விகாரையில் வழக்கம்போலப் புத்தர் சிலைக்கு ஒருபுறம் பாபாசாகேப் அம்பேத்கர் படம், மறுபுறம் தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாசப் பண்டிதர் படம். வெளியூரிலிருந்து நாங்கள் அழைத்திருந்த பிக்கு, புத்தம், தம்மம், சங்கம் சரணம் என ஓதும் திரிசரணம் தொடங்கும் முன் உடன் வந்த இளைஞரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் எழுந்து போய், பாபாசாகேப் படத்தை மாலையோடு தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் சாமந்தி நசுங்கி இதழ்கள் உதிர்ந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தோல் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்த என் பெரியப்பா, யாரையும் கேட்காமல் எழுந்து அதை மீண்டும் முன்பக்கமாகத் திருப்பினார். "இது தம்மம், அது அரசியல். இரண்டும் ஒரே மேடையில் இருந்தால் நான் ஓத மாட்டேன்" என்றார் பிக்கு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் தீட்சை பெற்றதே சந்திரமணி மகாஸ்தவிரர் என்ற, தேரவாதம் என்னும் பழமையான பௌத்த மரபைச் சேர்ந்த பிக்குவிடம்தானே என்று கூட்டத்திலிருந்து ஒரு தங்கை கேட்டதற்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை.

குடியாத்தத்திலிருந்து:

பேரணாம்பட்டு நண்பர் எழுதியதை நான் நம்புகிறேன். ஆனால் வெளியிலிருந்து வருபவர்தான் இந்த நோயைக் கொண்டுவருகிறார் என்ற தொனியை ஏற்க மாட்டேன். எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. என் ஆயா அதற்கும் போவார், பௌர்ணமி வந்தனைக்கும் வருவார்; இரண்டுக்கும் ஒரே வெள்ளைச் சேலை. சென்ற ஆண்டு வந்தனையின்போது, பாபாசாகேப் தீட்சையின்போது கொடுத்த 22 உறுதிமொழிகள் அச்சிட்ட தாளை விநியோகித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, ஆயாவின் முன் நின்று, தன் தோளிலிருந்த நீலத் துண்டாலேயே அவர் நெற்றிக் குங்குமத்தைத் துடைத்துவிட்டார். ஆயா கத்தவில்லை. "என் நெத்திதானே சாமி, உனக்கு இன்னா நோவுது?" என்று மட்டும் கேட்டார். பிரம்மா, விஷ்ணு, மகேஸ்வரனை வணங்க மாட்டேன் என்ற உறுதிமொழி ஒருவர் தம் வாயால் தமக்காக ஏற்பது. அடுத்தவர் முகத்தில் கை வைக்க அது யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை. அந்தத் தம்பியைக் கண்டித்தவர்களைவிட "கொள்கைப் பிடிப்பு" என்று பாராட்டியவர்களே அன்று அதிகம்.

காட்பாடியிலிருந்து:

நான் பௌத்தன் அல்லன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் வேலூருக்கு வந்து சாலையோரம் கடை போடும் திபெத்திய ஸ்வெட்டர் வியாபாரிகளை நீங்கள் அறிவீர்கள். கர்நாடகத்தின் திபெத்திய அகதிக் குடியிருப்பான பைலகுப்பேயிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாளிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். சில்லறை இல்லை. பக்கத்துக் கடையும் திபெத்தியர் கடைதான். அங்கே கேட்கலாமே என்றேன். அவர் முகம் இறுகியது. எதிரிலிருந்த டீக்கடைக்குச் சென்று மாற்றி வந்தார். பெங்களூரில் இருந்தபோது கற்ற கன்னடத்தில் காரணம் கேட்டேன். பக்கத்துக் கடைக்காரர் ஷுக்தென் என்ற காவல் தெய்வத்தை வழிபடுகிறவர், அவரோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது என்றார். தலாய் லாமா 1996இல் அந்த வழிபாட்டை வெளிப்படையாகக் கண்டித்ததையும், 2008இல் கர்நாடகத்தின் திபெத்திய மடாலயங்களே அதனால் இரண்டாகப் பிரிந்ததையும் நான் பிறகுதான் படித்தேன். இரண்டு கடையிலும் தலாய் லாமாவின் தேசத்தை இழந்த அகதிகள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆற்காட்டிலிருந்து:

என் அனுபவம் சிறியது. 'நம் மியோஹோ ரெங்கே கியோ' என்ற ஜப்பானியப் பௌத்த மந்திரத்தை ஓதும் ஒரு குழுவினர், தாமரைச் சூத்திரம் என்ற நூலைத் தவிர மற்றவை இக்காலத்துக்குப் பயன்படாதவை என்று என் வீட்டிலேயே உட்கார்ந்து என்னிடம் கூறினார்கள். கோபம் வரவில்லை, ஏனெனில் அவர்கள் பின்பற்றும் ஜப்பானியத் துறவி நிச்சிரென், 13ஆம் நூற்றாண்டிலேயே ஜென் பௌத்தத்தைப் பேய்களின் வேலை என்று சொன்னவர். அவர் வழிவந்த நிச்சிரென் ஷோஷு குருமார் 1991இல் சோகா கக்காய் என்ற தங்கள் இல்லறத்தார் அமைப்பையே விலக்கிவிட்டார்கள்.

குடியாத்தம் நண்பர் தம்மவரைக் குறை சொல்வதில் காட்டும் வேகம் தேவையற்றது. பழைய கதைகளைப் பார்க்க வேண்டும்; குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தின்படி, அபயகிரி என்ற விகாரையைச் சேர்ந்த அறுபது பிக்குகளை இலங்கை மன்னன் நாடுகடத்தினான். அவர்களில் ஒருவரிடம் பாடம் கேட்ட சோழ நாட்டுப் பிக்கு சங்கமித்திரர், பின்னர் மகாசேன மன்னனைத் தூண்டி அபயகிரிக்குப் போட்டியான மகாவிகாரைக்கு யாரும் சோறிடக்கூடாது என்று ஆணையிட வைத்தார். மகாவிகாரை ஒன்பது ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தது. பழிக்குப் பழி என்பது நம் பக்கத்துக் கைவேலையும்தான். ஆகவே என் யோசனை: விழாவுக்குப் பிக்குவை அழைக்கும்போதே மேடையில் எந்தெந்தப் படங்கள் இருக்கும் என்று கடிதத்தில் எழுதிவிடுங்கள். வந்தனையை இல்லறத்தாரான உபாசகர்களே நடத்தக் கற்றுக்கொள்ளுங்கள். உறுதிமொழித் தாளை இளைஞர் கையில் கொடுக்கும் முன் பெரியவர் ஒருவர் உடன் உட்கார்ந்து படித்துக் காட்டட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புத்தர் காலத்துக் கோசாம்பி நகரை நினைத்துக்கொள்ளுங்கள். கழிவறைப் பாத்திரத்தில் மிச்சம் வைத்த தண்ணீரைப் பற்றிப் பிக்குகள் இரு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டு, புத்தர் சொல்லியும் கேட்காதபோது, ஊரார் பிச்சையை நிறுத்தினார்கள்; சண்டை ஓய்ந்தது. நீங்களும் நிறுத்துங்கள்.

வாணியம்பாடியிலிருந்து:

ஆற்காட்டு ஐயா, யோசனை கேட்டு யாரும் இங்கே எழுதவில்லை. இருந்தாலும் கோசாம்பி பற்றி ஒன்று. அந்தப் பிக்குகள் அந்த ஊர்ச் சோற்றை நம்பி வாழ்ந்தவர்கள். நம்மிடம் வருபவருக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் வேறெங்கிருந்தோ வருகின்றன. எங்கள் விகாரையின் சிலைகூடத் தாய்லாந்திலிருந்து வந்த நன்கொடை. துண்டால் குங்குமம் துடைத்த தம்பியோ தம் அம்மா சமைத்ததைச் சாப்பிடுகிறவர். யாருக்கு எந்தச் சோற்றை நிறுத்துவது? கண்டியில் 1753இல் தோன்றிய சியாம் நிகாயம் என்ற துறவியர் சங்கம் உயர்சாதியாருக்கு மட்டுமே துறவு என்று கதவை அடைத்தபோது, ஒதுக்கப்பட்டவர்கள் சோற்றை நிறுத்திப் பார்க்கவில்லை. பர்மாவுக்குப் போய்த் துறவு பெற்றுத் திரும்பி, 1803இல் அமரபுர நிகாயத்தைத் தொடங்கினார்கள். அதற்குள்ளும் பிறகு சாதிப் பிரிவுகள் வந்தன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். குடியாத்தம் நண்பரே, இந்த ஆண்டு வந்தனைக்கு ஆயா வந்தாரா, அந்தத் தம்பியிடம் யாராவது பேசினார்களா என்பதை எழுதுங்கள்.