அவரைப் பற்றி ஆளுக்கொன்று

தம்பி மகள்:

பெரியப்பா போய் நாளையோடு ஒரு வருடம். போன வருடம் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தோம். யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அதனால்தான் கேட்கிறேன், ஆளுக்கொன்று எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. ‘தங்கமான மனிதர்’, ‘ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்’ என்றெல்லாம் வேண்டாம். கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள். (ஈ எறும்புக்கு அவர் தீங்கு நினைக்கவில்லைதான். ஒற்றுப் பிழை விட்டவர்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.)

முதலில் நான். மூன்றாம் வகுப்பில் அவர் பிறந்தநாளுக்கு நானே வரைந்து ஓர் அட்டை கொடுத்தேன். பூ, பலூன், நடுவில் பெரிதாக ‘வாழ்த்துக்கள்’. வாங்கிப் பார்த்தார், சிரித்தார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ‘க்’ மேல் சிவப்பில் ஒரு கோடு. “கள்ளை வாழ்த்தப் போறியா, என்னை வாழ்த்தப் போறியா?” கள் என்றால் என்னவென்றே தெரியாத வயது எனக்கு. அழுதேன். பிற்பாடு, ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதுவதற்கும் வாதாட ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். “இருப்பாங்க. அவங்க யாரும் எனக்கு அட்டை கொடுக்கலையே” என்றார்.

அப்புறம் ஓர் ஒப்புதல். அவருடைய இரங்கல் அறிவிப்பை அச்சுக்குக் கொடுத்தது நான். ‘எங்கள் அன்பு தந்தை’ என்று வந்துவிட்டது. ‘த்’ இல்லை. 38 வருடம் மெய்ப்புத் திருத்தியவருக்கு நாங்கள் போட்ட கடைசி அச்சு அது. யாராவது கவனித்தீர்களா?

உடன் வேலை பார்த்தவர்:

கவனித்தேன் அம்மா. அன்றைக்குச் சொல்லக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

அண்ணன் சேர்ந்து ஒன்பது வருடம் கழித்து, 1980இல் நான் அந்த அச்சகத்துக்கு வந்தேன். ஈய எழுத்துக் காலம். அச்சுக்கோப்பவர் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடுக்குவார், கண்ணாடியில் தெரிவதுபோல் எல்லாம் இடவலம் மாறி நிற்கும். முதல் படி எடுத்ததும் மை வாசனையோடு எங்களிடம் வரும். நான் மூலத்தை உரக்க வாசிப்பேன், அவர் அச்சுப்படியைப் பார்ப்பார். வாசிப்பது என்றால் நீங்கள் நினைக்கிற வாசிப்பு இல்லை. காற்புள்ளி, அரைப்புள்ளி, மேற்கோள் குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம் அப்படி வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனால் மனைவியிடமும் ‘வந்துட்டேன் முற்றுப்புள்ளி’ என்றுதான் வாயில் வரும்.

அவர் கையில் எப்போதும் ஓர் அட்டைத் துண்டு இருக்கும். அதை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு வரியாக இறக்குவார். கண் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை, சொல்லை மொத்தமாகத் தாவிப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். அடுத்த வரியும் தெரிந்தால் இன்னும் வேகமாக ஓடும். அதைக் கட்டிப்போடத்தான் அட்டை என்பார். தலைப்பைக் கடைசியில் தனியாகப் படிப்பார். இருப்பதிலேயே பெரிய எழுத்தில் இருக்கிற பிழைதான் யார் கண்ணிலும் படாது என்பது அவர் கட்சி. என் வாழ்க்கையில் மூன்று முறை அது உண்மையாகியிருக்கிறது. மூன்று முறையும் முதலாளி அறைக்குப் போய்விட்டு வந்தேன்.

தான் திருத்தியதே தவறு என்று தெரிந்தால், அந்தச் சொல்லுக்கடியில் வரிசையாகப் புள்ளி வைத்து ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவார். வருடத்துக்கு இரண்டு முறை அது நடந்தால் பெரிது.

1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது உங்களில் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுவரை லை, ளை, னை, ணை எல்லாம் யானை துதிக்கையைத் தூக்கின மாதிரி ஒரு சுழியோடு இருந்தன. நான் சேர்ந்தபோது எழுத்துப் பெட்டிகளில் பழசும் புதுசும் கலந்து கிடக்கும். பழைய லை ஒன்று தப்பித்தவறி உள்ளே வந்தால் அண்ணன் பிடித்துவிடுவார். ஆனால் அவர் கையெழுத்தில் கடைசி வரை துதிக்கைதான். ‘வேலை’ என்று எழுதினால் அதில் ஓர் யானை நிற்கும். கேட்டால், “சட்டம் அச்சுக்குத்தான், கைக்கு இல்லை” என்பார்.

இன்னொன்று. இது வேறு யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அவர் மேசை இழுப்பறையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. மேலே ‘தப்பியவை’ என்று எழுதியிருக்கும். அவர் கண்ணுக்குத் தப்பி அச்சாகிவிட்ட பிழைகளைக் கத்தரித்து, பின்பக்கம் தேதி போட்டு, அதற்குள் வைத்திருந்தார். ஓய்வுபெற்ற அன்று அந்த உறையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். பேனாவைக்கூட என்னிடம் கொடுத்துவிட்டார்.

அக்காள் மகன்:

மாமா எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தார். பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வருவார். விட்டுவிட்டாரா என்று நான் அவரை பார்த்து திரும்பினால் விழுவேன். விழுந்தால் தூக்க மாட்டார், நானாக எழுந்திருக்கும் வரை நிற்பார்.

உடன் வேலை பார்த்தவர்:

தம்பி, ‘எனக்குச் சைக்கிள்’, ‘அவரைப் பார்த்துத் திரும்பினால்’. நாலு வரியில் மூன்று. அவர் இல்லாத தைரியமா?

அக்காள் மகன்:

தைரியம் இல்லை ஐயா, அவசரம். திருத்திவிடட்டுமா?

உடன் வேலை பார்த்தவர்:

இருக்கட்டும்.

காலை நடை நண்பர்:

அவரோடு ஏழு வருடம் காலையில் நடந்தவன் நான். நடந்தவன் என்றா சொன்னேன்? நின்றவன். அரை மணி நேர நடைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், வழியில் இருக்கிற ஒவ்வொரு பெயர்ப் பலகையும் அவருக்கு அச்சுப்படி. பையில் சாக்பீஸ் வேறு. ஒரு சுவரில் ‘இங்கு குப்பை கொட்டாதீர்கள்’ என்று எழுதியிருந்தது. எக்கி நின்று, ‘இங்கு’வுக்குப் பக்கத்தில் அக்கறையாக ஒரு ‘க்’ சேர்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவால் ஒரு வாளிக் குப்பையைக் கொட்டிவிட்டுப் போனார். நான் சண்டைக்குக் கிளம்பினேன். இவர் கையைப் பிடித்து இழுத்து, “விடுங்க. இவ்வளவு நாள் பிழையா இருந்ததால மதிக்கல. நாளையிலிருந்து பாருங்க” என்றார். மறுநாளும் கொட்டியிருந்தார்கள். ஒன்றும் பேசாமல் கடந்து போனோம்.

மகன்:

நீங்களெல்லாம் சிரிக்கிறீர்கள். எனக்கு முழுசாகச் சிரிக்க வரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் மாதம் வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். இடம் பிடிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தேன். பத்து நாளில் பதில் வந்தது. உறைக்குள் அப்பா எழுதியது ஒரு பக்கம், கூடவே என்னுடைய நான்கு பக்கமும். சிவப்பு மையில் 23 திருத்தங்கள். ‘தூக்கம் வரவில்லை’ என்ற வரியில் பிழை இல்லை, அதனால் அதன்மேல் ஒன்றுமே இல்லை. அவர் எழுதியிருந்தது, ‘போகப் போகச் சரியாகிவிடும். ஒற்றில் கவனம் வை.’

அதற்குப் பிறகு நான் அவருக்குக் கடிதமே எழுதவில்லை. போனில் பேசினேன். பேச்சில் ஒற்று விட்டால் தெரியாது. ‘அவர் பாசத்தை அப்படித்தான் காட்டினார்’ என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. ‘வா’ என்றோ ‘வராதே’ என்றோ இரண்டில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். (இந்தப் பத்தியை மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். அது வேறு.)

வயதான பிறகு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பப் பழகினார். தட்டச்சு செய்தால் போன் தானாகவே சொல்லை மாற்றிவிடுகிறது என்று அதன்மேல் அவருக்குப் பகை. 11 நொடி, 14 நொடி. எல்லாம் ‘மழை வருதா அங்கே?’ ரகம். கேட்டுவிட்டு ‘ம்’ என்று ஓர் எழுத்தில் பதில் போடுவேன். போன மாதம் போன் மாற்றும்போது பழையதைப் பேக்கப் எடுக்காமல் அழித்துவிட்டேன். குரலெல்லாம் எங்கேயோ அவர்கள் சர்வரில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்காது. செய்தி நம்மிடம் வந்து சேர்ந்த பிறகு அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. நம் போனிலும், நாமாக எடுத்த பேக்கப்பிலும் இருந்தால்தான் உண்டு. யாரிடமாவது அப்பா குரல் இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே வேறு இடத்திலும் ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு எனக்கும் அனுப்புங்கள்.

அவர் எண்ணுக்கு ஒரு நாள் சும்மா அழைத்துப் பார்த்தேன். ஒரு பெண் எடுத்தார். “யார் வேணும்?” என்றார். தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன். பத்தொன்பது வருடமாக மனப்பாடமாக இருக்கிற எண்.

மகள்:

தம்பி, என்னிடம் இரண்டு இருக்கின்றன. ராத்திரி அனுப்புகிறேன்.

கடைசி இரண்டு நாள் அப்பா கண் திறக்கவில்லை. முன்கூட்டியே வந்திருந்த உன் மனைவிதான், “காதுகிட்டப் பேசிக்கிட்டே இருங்க அண்ணி” என்றாள். என்ன பேசுவது? ‘அப்பா, நான் வந்திருக்கேன்’ என்பதை எத்தனை தடவை சொல்வது? பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோனது. பக்கத்தில் அன்றைய பத்திரிகை கிடந்தது, எடுத்து வாசித்தேன். வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை. வேண்டுமென்றே தப்பாக வாசித்தேன். ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்றேன். ‘வெள்ளம்’ வடிந்தது என்பதை ‘வெல்லம்’ வடிந்தது என்றேன். ‘மழை’யை ‘மளை’ என்றேன். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நெற்றியைப் பார்த்தேன். பிழை காதில் விழுந்தால் அவருக்கு இடது புருவம் மட்டும் சுருங்குமே, உங்களுக்குத் தெரியும். ஒரு முழுப் பக்கம் முடித்தேன். புருவம் அசையவில்லை.

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு உனக்குப் போன் செய்தேன், கிளம்பி வா என்று.

மருமகள்:

அண்ணி, நான் அதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எங்கள் நர்ஸ் வேலையில் எல்லோரும் சொல்கிற பழைய வழக்கம்தான், காது கடைசி வரை இருக்கும் என்று. 2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் அதைச் சோதித்துப் பார்த்து வெளியிட்டார்கள். கடைசி மணி நேரங்களில் அசைவற்றுக் கிடந்த சிலருடைய மூளை மின்னலைகளைப் பதிவு செய்தபோது, ஒலி மாறியதும் மூளை அதற்கேற்ற மாற்றத்தைக் காட்டியிருக்கிறது. கேட்டதை அவர்கள் புரிந்துகொண்டார்களா என்பதை அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. ஆனால் புருவம் அசையவில்லை என்பதால் காதில் விழவில்லை என்று ஆகாது.

போன வாரம் கேட்டீர்களே, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படி சொல்கிறார்கள், எனக்கு எதுவும் வரிசையாக வரவில்லையே என்று. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது, தங்கள் சாவையே எதிரில் பார்த்துக்கொண்டிருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. பறிகொடுத்தவர்களுக்கும் அதையே போட்டுப் பார்ப்பது அப்புறம் வந்த பழக்கம். வரிசை மாறினால் பிழை இல்லை அண்ணி. மாமாவே அதைத் திருத்த மாட்டார்.

என் நினைவு சின்னதுதான். இரவுப் பணி முடிந்து வருவேன். கேட் சத்தம் கேட்டதும் உள்ளே விளக்கு எரியும். கதவைத் திறந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வார்.

தம்பி மகள்:

பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நண்பரின் குப்பைக் கதையை இரண்டு தடவை. இனி அவர் சொல்வது, அப்படியே:

“அந்த உறை பீரோவில இருக்கு. எண்ணிப் பார்த்தேன், 41 துண்டு. ‘அன்பு தந்தை’ அட்டையையும் அதுக்குள்ளேயே போட்டு வெச்சிருக்கேன். நீ அதுக்காக வருத்தப்படாதே.

எல்லாரும் பேனா பேனான்னே எழுதியிருக்கீங்க. அவர் விசில் அடிப்பாரே, அதை ஒருத்தரும் எழுதலையே. துணி காயப்போடும்போது, சவரம் பண்ணிக்கும்போது எல்லாம் அடிப்பார். நானும் அவரும் மட்டும் வீட்டில இருந்தாத்தான். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா நின்னுடும்.”

மகன்:

அப்பா விசில் அடிப்பாரா?

மகள்:

எனக்கும் தெரியாது. என்ன பாட்டு என்று அம்மாவிடம் கேள்.

தம்பி மகள்:

கேட்டேன் அக்கா. “பாட்டெல்லாம் இல்லை, சும்மா” என்கிறார்.