நீரிலும் ஓடும் கார்: தயாரிப்பாளரின் பொறுப்பு குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சாலையிலும் ஏரியிலும் ஓடும் கார்களை ஓரிரண்டாகக் கட்டித் தரும் சிறு பட்டறை ஒன்றில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். பொருட்பொறுப்புச் சட்டமும் (விற்ற பொருளின் குறைபாட்டால் நேரும் தீங்குக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் சட்டம்) காப்பீடும் அறிந்தவர்கள் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

1999இல் ஆர்கன்சாவின் ஹாமில்டன் ஏரியில் சுற்றுலா நீர்நில வாகனம் ஒன்று மூழ்கி 13 பேர் இறந்தனர். இயந்திரத்தின் விசையைக் கடத்தும் சுழல்தண்டு, வாகனத்தின் அடிப்பகுதியைத் துளைத்து வெளியேறும் இடத்திலிருந்த ரப்பர் உறை கழன்று நீர் புகுந்ததும், நீர் புகுந்தாலும் மிதக்க வைக்கும் மாற்று ஏற்பாடு இல்லாததும், மேற்கூரை பயணிகளைச் சிறைப்படுத்தியதும் சேர்ந்தே அந்த உயிர்களைப் பறித்தன. எங்கள் வண்டியிலும் அதே இடத்தில் ஒரு ரப்பர் உறையும் இரண்டு கவ்விகளும்தான் இருக்கின்றன. ஆகவே உள்ளறைகளை மிதவை நுரையால் நிரப்பியே தீர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சட்டப் பக்கம்தான் தெளிவு வேண்டும். 2015இல் சியாட்டிலின் அரோரா பாலத்தில் இவ்வகை வாகனத்தின் அச்சு முறிந்து ஐந்து மாணவர்கள் பலியான வழக்கில், அந்த அச்சைப் பற்றித் தயாரிப்பாளர் 2013லேயே வாகனம் இயக்குவோருக்கு அறிவிப்பு அனுப்பியிருந்தும், 2019இல் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) வழங்கிய சுமார் 12.3 கோடி டாலர் இழப்பீட்டில் பெரும்பங்கு தயாரிப்பாளர் மீதே விழுந்தது. அப்படியானால், விற்ற பிறகு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, ஒப்புகையும் பெற்று வைத்தால் எந்த அளவுக்குப் பாதுகாப்பு கிடைக்கும்? தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடுக்கமாட்டேன் என்று வாங்குபவர் கையொப்பமிடும் பொறுப்புத் துறப்புப் பத்திரம், உடன் பயணிக்கும் அவருடைய பிள்ளைகளைக் கட்டுப்படுத்துமா? சாலை, நீர் இரண்டுக்கும் ஒரே காப்பீடு பெற்ற சிறு தயாரிப்பாளர் எவரையேனும் அறிந்திருந்தால், அதன் விலக்கு விதிகளை (எவற்றுக்கு இழப்பீடு கிடையாது என்பவற்றை) அன்புகூர்ந்து பகிருங்கள்.