டர்போ டிகோடர்: 2ஆவது சுற்றுல இருந்து பிழை ஏறுது, அவசரம்

பிட்டுப்பூச்சி: எல்டிஇ (4ஜி) டர்போ கோட், அதாவது ரெண்டு டிகோடர் சுற்று சுற்றா மாத்தி மாத்திப் பேசிப் பிழை திருத்துற குறியீடு. ரேட் 1/3, அதாவது பிட் அப்படியே (சிஸ்டமேட்டிக்), கூட ரெண்டு சரிபார்ப்பு பிட் (பேரிட்டி); 2ஆவது பேரிட்டி இன்டர்லீவர் கலைச்ச வரிசையில இருந்து. முதல் சுற்றுல பிழை விகிதம் ஒழுங்கா இருக்கு, அடுத்ததுல இருந்து ஏறுது, 8ஆவதுல குப்பை. நாய்ஸ் இல்லாம ஓட்டினா முதல் சுற்றிலேயே பிழை 0, அதனால புரோகிராம் சரிதான். இன்னைக்குள்ள முடிக்கணும்.

அலைவரிசை: பிளாக் எத்தனை பிட்? டிகோட் கணக்கு முழுசான லாக்-மேப்பா, தோராயமான மேக்ஸ்-லாக்-மேப்பா? முடிவை எந்த டிகோடர்ல இருந்து எடுக்கிறீங்க?

சிக்மா: நாய்ஸ் அளவுதான் தப்பு, பந்தயம். ரேட் 1/3, பிபிஎஸ்கேன்னா (ஒரு சிக்னலுக்கு ஒரு பிட்) ஈபி/என்0ல (தகவல் பிட்டுக்கான சிக்னல்-நாய்ஸ் விகிதம்) 4.77 டிபி கழிச்சாத்தான் ஈஎஸ்/என்0 (அனுப்புற சிக்னல் ஒண்ணுக்கானது).

பழையமாடம்: மேக்ஸ்-லாக்னா எல்எல்ஆர் (பிட் 0வா 1ஆ, எவ்வளவு நம்பிக்கைன்னு சொல்ற எண்) எல்லாத்தையும் ஒரே எண்ணால பெருக்கினாலும் விடை மாறாது. படிச்சிட்டு பந்தயம் கட்டுங்க. தம்பி, நாய்ஸ் இல்லாம 0 வந்தா ஒண்ணும் நிரூபணம் ஆகாது. சிஸ்டமேட்டிக் பிட்டே விடையைச் சொல்லிடும்.

பிட்டுப்பூச்சி: 40 பிட். மேக்ஸ்-லாக். முதல் டிகோடர்.

ட்ரெல்லிஸ்: எக்ஸ்ட்ரின்சிக் (மத்த டிகோடருக்குக் கொடுக்கிற புதுத் தகவல்) எடுக்கிறப்ப மொத்த எல்எல்ஆர்ல சிஸ்டமேட்டிக், மத்த டிகோடர்ல இருந்து உள்ளே வந்த முன்தகவல் ரெண்டையும் கழிக்கிறீங்களா? கழிக்கலைன்னா டிகோடர் தான் சொன்னதையே திரும்பக் கேட்டு நம்பிடும். மிச்சத்தை 0.75ஆல பெருக்கிக்கோங்க.

பிட்டுப்பூச்சி: கழிக்கிறேன்.

சிக்மா: எதுக்கு இந்தப் பாடு? 5ஜில டேட்டாவுக்கு எல்டிபிசிதான் (வேற வகைப் பிழைதிருத்தக் குறியீடு).

ட்ரெல்லிஸ்: அவர் கேட்டது எல்டிஇ.

பழையமாடம்: எல்டிபிசியை மறுபடி தூசி தட்டி எடுக்க வச்சதே டர்போதான். 1993ல பெரூ குழு (டர்போ கோடை அறிமுகப்படுத்தினவங்க) ஈபி/என்0 0.7 டிபில லட்சத்துக்கு ஒரு பிட் பிழைன்னு காட்டுச்சு. ஆனா அது 65,536 பிட் இன்டர்லீவர், 18 சுற்று. 40 பிட்டுல அந்தப் பிழை வளைவைத் தேடாதீங்க.

அலைவரிசை: நாய்ஸ் 0, சிஸ்டமேட்டிக் எல்எல்ஆர் எல்லாம் 0, முன்தகவலும் 0. 2ஆவது பேரிட்டியை மட்டும் 2ஆவது டிகோடருக்குக் கொடுங்க. பேரிட்டி மட்டுமே விடை சொல்லணும், 40 பிட்டும் வந்தாகணும். கலைச்ச வரிசையிலயும் பாருங்க, டி-இன்டர்லீவ் பண்ணியும் (பழைய வரிசைக்குத் திருப்பியும்) பாருங்க.

பிட்டுப்பூச்சி: கலைச்சதுல 40உம் சரி. டி-இன்டர்லீவ் பண்ணினா 0ஆம் பிட் சரி, 1 தப்பு, அப்புறம் கன்னாபின்னான்னு.

அலைவரிசை: அப்ப திருப்புறதுக்கும் அதே அட்டவணையை அதே திசையில வாசிக்கிறீங்க. 40 பிட்டுக்கு எல்டிஇ அட்டவணை பை(ஐ) = (3ஐ + 10ஐ²) மாட் 40 (40ஆல வகுத்த மீதி); கலைச்ச வரிசையில ஐ-ஆம் இடத்துல இருக்கிறது பை(ஐ)-ஆம் பிட். பை(1) = 13, அதனால டிகோடர் 2ஓட 1ஆம் மதிப்பை 13ஆம் இடத்துல எழுதணும். நீங்க 13ல இருக்கிறதை எடுத்து 1ல வைக்கிறீங்க. பை(13) = 9, அதாவது 9ஆம் பிட்டோட எல்எல்ஆர் 1ல வந்து உட்காருது. முதல் சுற்றுல முதல் டிகோடருக்கு முன்தகவலே கிடையாது, அதான் அங்கே தெரியல.

பிட்டுப்பூச்சி: திருத்தியாச்சு, இப்ப பிழை இறங்குது. நன்றி.

சிக்மா: அந்த 4.77 கழிச்சீங்களா? கழிக்கலைன்னா பிழை வளைவோட கிடை அச்சே தப்பு.